இரண்டு புள்ளி வைத்த எண்

திருவண்ணாமலை
20-8-2025

ஜாஹிராம்மாவுக்கு,

ஆறு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் ஆறாவது முறையும் செய்தேன். பதினான்கு வருடம் என் கிளினிக்கில் வரவேற்பு மேஜையைப் பார்த்துக்கொண்ட உங்களுக்கு முதல் தடவையாகக் கடிதம் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், அது ஒரு வசதி.

அன்றைக்கு நோயாளிகள் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நோட்டில் இருக்கும் எண்களைத் தர நீங்கள் மறுத்ததும், "இது கிளினிக்கா, ரகசியக் கிடங்கா" என்று கேட்டேன். நீங்கள் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, வாணியம்பாடியில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டீர்கள். நான் சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

இருசப்பனை நினைத்துப் பாருங்கள். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வர வேண்டியவர், வரவில்லை. யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. மூன்று வாரம் கழித்து வந்தபோது இரண்டு கால் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து தினமும் கிளினிக்கைப் பூட்டும்போது, இன்றைக்கு வராமல் போனது யார் என்ற பயத்தோடுதான் பூட்டுகிறேன். ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நீங்கள் ஒருவரே எண்ணூறு பேருக்கும் போன் செய்து மாளாது. அதனால்தான் தானாகச் செய்தி அனுப்பும் ஏற்பாடு வேண்டும் என்றேன்.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து காட்டினார்கள். ஒன்று வெறும் எஸ்.எம்.எஸ். இன்னொன்றில், நோயாளி தானே சம்மதம் சொல்லிச் சேர்ந்தால்தான் செய்தி போகும். நம் ஊரில் யார் சேரப் போகிறார்கள்? மூன்றாவதில் 'குடும்ப வசதி' இருக்கிறது. ஒரே எண் கொடுத்தவர்களை ஒரே குடும்பமாகச் சேர்த்து, யாருக்கு எந்தத் தேதி, என்ன மாத்திரை என்று அந்த ஒரு போனுக்கே அனுப்பிவிடும். கீழ்பென்னாத்தூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒரு போன்தானே உருப்படியாக இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

ஒரு சந்தேகம். உங்கள் நோட்டில் சில எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி, சிலவற்றுக்கு இரண்டு புள்ளி. என்ன அர்த்தம்?

அறிவுச்செல்வன்


வாணியம்பாடி
23-8-2025

டாக்டருக்கு ஜாஹிரா எழுதுவது.

மகளுக்கு ஏழாம் மாதம், வேலை ஜாஸ்தி, அதனால் போனை எடுக்கவில்லை என்று எழுதலாம். எழுதினால் பொய். கோபத்தில்தான் எடுக்கவில்லை.

இருசப்பன் பெயரைச் சொல்லி என் வாயை அடைக்க வேண்டாம். அந்த வாரம் நான் லீவு. அவருக்கு போன் செய்யச் சொல்லி ஒரு சீட்டு எழுதி, உங்கள் மேஜையில்தான் ஒட்டிவிட்டுப் போனேன். இத்தனை நாள் இதைச் சொல்லவில்லை. இப்போதும் சொல்லாமல் இருந்திருக்கலாம், கை எழுதிவிட்டது.

ஒரு புள்ளி என்றால் அந்த போன் அவர்களுடையது இல்லை. டோக்கன் கொடுக்கும்போது நம்பர் கேட்டால் நம் ஜனங்கள் சொந்த நம்பரையா சொல்கிறார்கள்? யாரிடம் நல்ல போன் இருக்கிறதோ அவர் நம்பரைச் சொல்வார்கள். மளிகைக் கடைக்காரர், மச்சினன், எதிர் வீட்டு வாத்தியார். பட்டன் போன் நம்பரைக் கொடுத்தால் டாக்டர் மதிக்க மாட்டார் என்று நினைப்பு. அந்த எண்ணில் நான் பேசினால் "டாக்டர் வரச் சொன்னார்" என்பதோடு சரி.

இரண்டு புள்ளி என்றால், அந்த வியாதி அந்த வீட்டுக்குத் தெரியாது. மொத்தம் பதினோரு பேர். ஒரு பெண்ணுக்கு நான் டெய்லர் கடைக்காரி. "பிளவுஸ் ரெடிம்மா, வந்து வாங்கிக்கோ" என்றால் மறுநாள் வந்து நிற்பாள். பதினான்கு வருடத்தில் நான் என்னென்ன கடை நடத்தியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பதை இதில் எழுத மாட்டேன். அது அவர்கள் என்னை நம்பிச் சொன்னது. அந்தப் பதினோரு எண்ணையும் எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரு செய்தி கூடப் போகக் கூடாது. நான் கெஞ்சிப் பழக்கம் இல்லாதவள். இப்போது கெஞ்சுகிறேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஜாஹிரா


திருவண்ணாமலை
30-8-2025

ஜாஹிராம்மா,

தப்பு நடந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அன்றைக்கே உட்கார்ந்து பதினோரு எண்ணையும் நானே எடுத்தேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் செய்திகள் போயின. பத்து மணிக்குப் பட்டியலைப் பார்க்கிறேன், தேவிப்ரியாவின் பெயர் இருக்கிறது. கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண், வலிப்புக்கு என்னிடம் மருந்து சாப்பிடுகிறவள், நீங்கள் இரண்டு புள்ளி வைத்தவள்.

எப்படி என்று தேடினேன். அவள் கணவர் மணிவேல் போன வருடம் காய்ச்சலுக்கு வந்திருக்கிறார். அதே எண். வேறு பக்கத்தில், புள்ளி இல்லாமல். நான் கை வைப்பதற்கு முன்பே குடும்ப வசதி இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருந்தது. அவள் பக்கத்தில் நான் எண்ணை எடுத்தேன். அது அவர் பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பிவிட்டது. எந்த வசதிக்காக இதைத் தேர்ந்தெடுத்தேனோ, அந்த வசதி.

போன செய்தி இதுதான்: "தேவிப்ரியா அவர்களுக்கு, உங்கள் வலிப்பு மாத்திரை 3 நாளில் முடிகிறது. மறுபரிசோதனை 7-9-2025." கீழே நம் கிளினிக்கின் பெயர்.

ஏழாம் தேதி பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு நீங்கள் யாருக்கும் தேதி கொடுத்ததில்லை. அது கூட அந்த ஏற்பாட்டுக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். போனது போனதுதான். நேற்று வெள்ளிக்கிழமை, அவள் வழக்கமாக வருகிற நாள். வரவில்லை. ஒரு மணி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே மற்றவர்களுக்கு மருந்து எழுதினேன். பயந்து மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஒன்றன் பின் ஒன்றாக வரலாம். அப்படி வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த வீட்டுக்கு போன் செய்யலாமா கூடாதா? போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, சொல்லுங்கள்.

அறிவுச்செல்வன்


வாணியம்பாடி
1-9-2025

டாக்டர்,

போன் செய்யாதீர்கள். செய்தால் அந்த வீட்டில் யார் எடுப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி மறைத்துப் புண்ணியமில்லை. இதைப் போனில் பேச முடியாது, இங்கே வீடு நிறைய ஆள், அதனால்தான் எழுதுகிறேன். தேவிப்ரியாவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. பெண் பார்க்க வந்தபோது அவள் அம்மா சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முன்னால் சொன்னால் கல்யாணம் நடக்காது, பின்னால் சொன்னால் நிற்காது, அதுதான் அந்த அம்மாவின் கணக்கு. வீட்டில் இன்னொரு பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள். அக்காவுக்கு வலிப்பு என்றால் தங்கையையும் யாரும் கேட்டு வர மாட்டார்கள்.

நாலு வருடமாக மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணாமலையார் கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டு வருகிறாள். நிஜமாகவே கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருவாள், பொய் கம்மியாக இருக்கட்டும் என்று. நம் பெஞ்சில் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருப்பாளே, அவள்தான். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, சத்து மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். பிளவுஸ் ரெடி என்று நான் சொல்வது அவளிடம்தான்.

போன மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சிட்டா நான் அந்த வூட்ல இருக்க மாட்டேன்க்கா" என்றாள். எங்கே போவாய் என்று கேட்டதற்கு, டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினை எடுத்துக்கொண்டு போங்கள். ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி நாலு வீட்டில் பாருங்கள், ஐந்தாவதாக அவள் வீட்டில் பாருங்கள். அவள் பெயரை நீங்களாக எடுக்காதீர்கள். கடிதம் கிடைத்த அன்றைக்கே போங்கள்.

ஜாஹிரா


திருவண்ணாமலை
5-9-2025

ஜாஹிராம்மா,

புதன்கிழமை காலையில் உங்கள் கடிதத்தைப் பார்த்த கையோடு கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போனேன். நாலு வீட்டில் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் மோர் கொடுத்தார். அவருக்கு அழுத்தம் சரியாக இருந்தது, எனக்குத்தான் எகிறியிருக்கும். "மருமவ நேத்து அம்மா வூட்டுக்குப் போனா. சொல்லாம கொள்ளாம போயிட்டா, என்ன கோவமோ" என்றார். பிறகு அவராகவே அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, "இந்தச் சத்து மாத்திரைய வுட்டுட்டுப் போயிட்டா சார், நான் சாப்டலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். உள்ளே ஆறு மாத்திரை. ஒரு நாளைக்கு இரண்டு. அப்படியென்றால் செய்தி போன அன்றைக்கே நிறுத்திவிட்டாள்.

அவள் அம்மா வீட்டுக்கும் போனேன். அங்கே அவள் வரவே இல்லை. அந்த அம்மா கதவைப் பாதி திறந்தபடி நின்று, "எங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார், நீங்க போயிட்டு வாங்க" என்று மூன்று தடவை சொன்னார். திரும்பி வரும்போது ரோட்டோரம் எங்கே கூட்டம் நின்றாலும் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் முலாம்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை மணிவேல் வந்தார். டோக்கன் வாங்கிக்கொண்டு, எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக உள்ளே வந்தார். போனை மேஜையில் வைத்தார்.

"இத அனுப்பினது நீங்கதானே சார்?"

போனைக் கையில் எடுத்துப் படித்தேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும் சார். அவளுக்குத்தான் எனக்குத் தெரியும்னு தெரியாது. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரியாது என்றேன், உண்மைதான். அவர் நம்பவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நல்லவர் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் பயந்தவனும் கோபக்காரனும் பெஞ்சில் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு ஏதாவது தெரியுமா? மாத்திரை இல்லாமல் எட்டு நாள் ஆகிறது.

அறிவுச்செல்வன்


வாணியம்பாடி
8-9-2025

டாக்டருக்கு,

"ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். உங்களிடம் சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அவள் இங்கேதான் இருக்கிறாள்.

போன மாதம் அவள் வந்தபோதே, நான் கிளினிக்கில் இல்லாவிட்டால் மகள் வீட்டில்தான் இருப்பேன் என்று அவளுக்கு மட்டும் இந்த முகவரியை எழுதிக் கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு கைப்பையோடு வந்து நின்றாள். மறுநாள் காலை அடுப்படி வாசலில் வலிப்பு வந்துவிட்டது. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாவிக்கொத்தோடு ஓடி வந்தாள், கையில் இரும்பைக் கொடுக்க. அதெல்லாம் வேண்டாம் என்று ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். உங்களைப் பார்த்துப் பழகியதுதான். மூன்று நிமிஷம். எனக்கு மூன்று மணி நேரம் மாதிரி இருந்தது. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், பழைய சீட்டைக் காட்டி, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டோம். இப்போது பரவாயில்லை. உங்களை ஆறு நாள் தவிக்க விட்டேன், தெரிந்துதான் விட்டேன். யாருக்கும் எழுத மாட்டேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று அதை மீறுகிறேன்.

நடந்தது இதுதான். செய்தி வந்தபோது போன் சார்ஜில் இருந்திருக்கிறது. அவள்தான் முதலில் பார்த்தாள். அழிக்கப் போகும்போது மாமியார் வந்துவிட, அப்படியே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் எடுத்துப் படித்தான். அவள் சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டான், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் கூட இருந்திருப்பேன் என்கிறாள். அஞ்சு நாள் அந்த மௌனத்துக்குப் பயந்து, ஆறாம் நாள் கிளம்பிவிட்டாள்.

அவள் இங்கே இருப்பதை அவனிடம் சொல்லாதீர்கள். முன்பே தெரியும் என்று எந்த ஆம்பளையும் சொல்லலாம், வாயால் சொல்ல என்ன செலவு? இவளைக் கொண்டுபோய் அந்த வீட்டில் விட்டபிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் நீங்களும் நானும் அங்கே இருக்கப் போவதில்லை. நிஜமாகவே தெரிந்தவன் ஏதாவது செய்திருப்பான். நாலு வருடமாக என்ன செய்தான் என்று கேளுங்கள். என்ன சொல்கிறான் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். அவள் தினமும் கேட் சத்தம் கேட்டால் பின்கட்டுக்கு ஓடுகிறாள்.

ஜாஹிரா


திருவண்ணாமலை
11-9-2025

ஜாஹிராம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கு நானே இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். என்னைத் தவிக்க விட்டதற்கு உங்கள் மேல் வருத்தமில்லை.

நேற்று மணிவேலின் நிலத்துக்கே போனேன். அவள் எங்கே என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கல்யாணமான மொத வருசமே தெரியும் சார். மல்லாட்டைச் செடி புடுங்கும்போது வரப்புல வுழுந்துட்டா. நான் மட்டும்தான் இருந்தேன். எழுந்ததும், வெயிலு ஜாஸ்தி, மயக்கம்னு சொன்னேன். அவளும் ஆமான்னா. அப்புறம் அவ டப்பாலேர்ந்து ஒரு மாத்திரைய எடுத்துட்டுப் போயி மெடிக்கல்ல கேட்டேன். இன்னதுக்குன்னு சொன்னாங்க."

"ஏன் அவங்ககிட்ட கேக்கல?"

"கேட்டா அவ சொல்லியாவணும். சொல்லிட்டா எங்க அம்மா மூஞ்சிய எப்படிப் பாப்பா? தெரியாத மாதிரியே இருந்துட்டேன். மெசேஜ் வந்ததும் அம்மா பாக்கறதுக்குள்ள அழிச்சிட்டு சும்மா இருந்தேன். சும்மா இருந்ததுதான் தப்பாப் போச்சு."

அவர் அன்றைக்கு என்னிடம் காட்டியது அழிப்பதற்கு முன்னால் எடுத்த படம். யாரைப் போய்க் கேட்பது என்று தெரிய வேண்டாமா, அதற்காக எடுத்து வைத்தாராம்.

தெரிந்து என்ன செய்தீர்கள் என்று திரும்பவும் கேட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று அவள் சொன்னால், எவ்வளவு வேலை இருந்தாலும் போய் வா என்று விட்டாராம், பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் இறக்கினாராம். வேறே என்ன என்றேன். "வேற ஒண்ணும் பெருசா பண்ணல சார்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியைக் காட்டினார். பெரிய கிணறு. மேலே முழுக்கக் கம்பி வலை, வாளி போகிற அளவுக்கு மட்டும் ஒரு சதுரம். "தண்ணி எடுக்கும்போது வலிப்பு வந்துடிச்சின்னா என்ன பண்றதுன்னு பயம். வலை எதுக்குன்னு வூட்ல கேட்டாங்க. ஆடு வுழுந்துடும்னு சொன்னேன்" என்றார்.

நம்புவதா வேண்டாமா என்பதை உங்களிடமும் அவளிடமும் விட்டுவிடுகிறேன். இந்த விஷயத்தில் என் தீர்மானத்தை நானே நம்பும் நிலையில் இல்லை.

அந்தக் கம்பெனியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சம்மதம் கேட்டு அனுப்புகிற இரண்டாவதுதான். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, இது யார் போன், யார் பார்ப்பார்கள், செய்தியில் என்ன இருக்கலாம், செய்தியே வேண்டாமா என்று கேட்டு எழுத வேண்டும். நான் கேட்டால் அவர்கள் தலையை ஆட்டுகிறார்களே தவிர ஒன்றும் சொல்வதில்லை. இருசப்பன் சீட்டு என் மேஜை இடுக்கில் விழுந்து கிடந்தது, கிடைத்துவிட்டது. அதையும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அறிவுச்செல்வன்


வாணியம்பாடி
13-9-2025

டாக்டருக்கு,

மகளின் பிரசவம் முடிந்து நாற்பது நாள் போன பிறகு வேலைக்குத் திரும்பி வருகிறேன். அதுவரை நோட்டில் புள்ளி வைத்தவர்களிடம் நீங்கள் ஒன்றும் கேட்காமல் இருங்கள், அது போதும். அந்தக் கேள்விகளை எல்லாம் நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மெடிக்கலில் கேட்டான் என்றதும், "தெரிஞ்சிக்கிட்டு சும்மா இருந்தாரே, எதுக்குக்கா? என்னிக்காவது பேச்சு வந்தா குத்திக் காட்டறதுக்கா?" என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். வாசிப்பதை நிறுத்திவிடலாமா என்று கூட நினைத்தேன். பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டதைச் சொன்னேன், அதற்கும் அவள் மசியவில்லை.

கிணற்று வலையைப் பற்றி வாசித்ததும் காகிதத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். உங்கள் எழுத்தை அவளால் எங்கே படிக்க முடியும்? அந்த வரி எது என்று கேட்டாள், விரலை வைத்துக் காட்டினேன். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாளி மாட்டுது, அந்த வலையக் கழட்டுன்னு ரெண்டு வருசமா சண்ட போட்டுட்டு இருக்கேன்க்கா. ஆடு வுழும், ஆடு வுழும்னே சொல்லுவாரு" என்றாள்.

பிறகு, "எங்க வூட்ல ஆடே கெடையாதுக்கா" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் நானே கூட்டி வருகிறேன். மாமியாரை நினைத்தால் இரண்டு பேருக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அது போகாது. அவனை மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுங்கள். நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ஜாஹிரா